தும்பைப்பூ ஊரும் மாப்ளை தலையும்

உக்காரு மாப்ளே. ஆடாதே, அசையாதே. எருமைச் சாணியை வரட்டி தட்டுனாப்புல தலை பூரா அப்பி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவரைக் கவுத்து, அதுக்கும் மேல பழைய துண்டைச் சுத்திவிட்டுப் போயிருக்கா உன் பொண்டாட்டி. மூணு மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணி ஊத்தணும்னு கறாரா சொல்லிட்டா. லேப்டாப்பை மடியில வச்சா வழியும். போனைக் காதுல வச்சா ஒட்டும். லிஃப்டுல எறங்கி ஓடிடலாம்னா எதிர்வீட்டுக் கன்னடத்தம்மா பாத்துடும். எங்கக்கா உன்னப் பெத்த இந்த நாப்பத்தாறு வருசத்துல, உன்ன ஒரே எடத்துல மூணு மணி நேரம் குந்த வச்சது இந்த மருதாணி ஒண்ணுதான். நான் தாய்மாமன். எனக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி எப்ப வாய்க்கும்? அந்த வெத்தலைப் பொட்டியை இப்படித் தள்ளு.

என்ன, என் மூஞ்சியவே பாக்கறே? மீசை செவந்திருக்கா? வெத்தலைச் சாறுடா. வயசானவன் துப்புனா நேராவா விழும்? அத விடு.

காலையில நீ கொறட்டை விட்டுட்டிருந்தப்பவே நான் சொக்கநாதர் கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டேன். பேரைக் கேட்டு சிவன்னு நெனச்சு விபூதிக்குக் கையை நீட்டுனேன். அர்ச்சகரு தீர்த்தத்தை ஊத்துனாரு. நிமுந்து பாத்தா உள்ளார பெருமாள் நிக்கறாரு, சீதேவி பூதேவியோட. சோழன் காலத்துக் கோயிலாம். வாசல் நிலைக்கால்ல தமிழ் எழுத்து வெட்டியிருக்கு. விரலால தடவித் தடவிப் பாத்தேன், ‘ம’வுக்கு மேல ஒண்ணும் புடிபடல. ரைஸ்னு ஒரு வெள்ளைக்காரரு இந்தச் சீமைக் கல்வெட்டையெல்லாம் படியெடுத்து 1905ல புஸ்தகம் போட்டப்போ இதையும் சேத்திருக்காரு. அந்தக் கல்வெட்டுல ஊரு பேரு தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம்னு ஒரு பட்டப்பேரும் உண்டு. தொம்பலூர்ங்கறது தும்பைப் பூவுலேர்ந்து வந்ததுன்னு பெரியவங்க சொல்றாங்க. அந்தத் தொம்பலூர்தான் தேஞ்சு இன்னைக்கு உங்க பெங்களூர்த் தொம்மலூரு.

தும்பை என்ன நெறம் மாப்ளே? வாயத் தொறந்து சொல்லு, தாடையை ஆட்டுனா வழியாது. வெள்ளை! நம்ம பக்கம் வேட்டி வெளுப்பா இருந்தாலே தும்பைப்பூவாட்டம்னுதான சொல்வோம். சோழன் காலத்துலேர்ந்து பேருலயே வெள்ளையை வச்சுக்கிட்டு நிக்கற ஊரு இது. இந்த ஊருக்கு வாடகைக்கு வந்துட்டு நீ இருபது நாளைக்கு ஒருக்கா கருப்படிச்சிட்டிருந்தே பாரு, ஊரு சாமிக்கே பொறுக்கல. காதுக்குப் பின்னாடி சொறிய வச்சுட்டாரு.

உனக்கு மொத நரை எப்ப வந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. முப்பத்தி நாலு வயசு. எடது கிருதாவுல ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நீ போட்ட கூச்சல்ல உங்கம்மா எனக்கு போன் பண்ணி, புள்ளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அழுவுது. நான் பதறிக்கிட்டு என்ன ஆச்சுன்னு கேட்டா, ஒரு மயிரு வெளுத்துப்போச்சாம். எம் மாமன், அதான் உங்கப்பன், நாப்பதுலயே பஞ்சு மூட்டை. அவருகிட்டேர்ந்து வீடு வேணும், நெலம் வேணும், நரை மட்டும் வேணாம்னா எப்படிடா? சொத்துன்னா எல்லாம் சேந்துதான் வரும்.

அன்னைலேர்ந்து பாத்ரூம் கதவு இருபது நாளைக்கு ஒருக்கா முக்கா மணி நேரம் சாத்தியிருக்கும். நான் கணக்குப் போட்டேன். வருசத்துக்குப் பதினெட்டு தடவை. பன்னண்டு வருசத்துக்கு 216 தடவை. எங்கூர் அய்யனாருக்கே இந்த அம்பது வருசத்துல நாலு தடவைதான் வண்ணம் அடிச்சிருக்கோம். ஆனா வளர்ற முடி உங்கிட்ட கேட்டுக்கிட்டா வளருது? மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர், அது பாட்டுக்கு வளந்துட்டே இருக்கும். பதினஞ்சாம் நாளே வகிடு ஓரத்துல சுண்ணாம்புக் கோடு போட்டாப்புல வெள்ளை எட்டிப் பாக்கும். அந்தக் கடைசி அஞ்சு நாளு நீ தொப்பி போட்டுக்கிட்டுத் திரிஞ்சதைக் கிரிக்கெட்டுப் பைத்தியம்னு நெனச்சேன் நானு.

அப்புறம்தான அந்த அரிப்பு. மொதல்ல காதுக்குப் பின்னாடி, அப்புறம் நெத்தி ஓரம், ஒருநாள் காலையில எழுந்தா கண்ணு எமை ரெண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கு. தோல் டாக்டரம்மாகிட்டப் போறே. ‘பன்னண்டு வருசமா இதத்தான் போடறேன் டாக்டர், இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே’ன்னு வாதாடறே. அந்தம்மா என்ன சொல்லிச்சு? ‘பன்னண்டு வருசமாப் போட்டதாலதான் சார் இப்ப ஆகுது’ன்னிச்சு. நல்ல வாயடி. ஒடம்பு கடன் குடுத்தவன் மாதிரி மாப்ளே. ஒவ்வொரு தடவையும் சிரிச்சுக்கிட்டே நோட்டுல எழுதிட்டு வரும். ஒருநாள் மொத்தமா வாசல்ல வந்து நிக்கும். அப்புறம் ஒரு சொட்டு போட்டாலும் கத்தும், சாகிற வரைக்கும் மறக்காது.

சாயத்துல இருக்கற அந்தச் சாமானுக்குப் பேரு பிபிடியாம். என் பேத்தி வேதியியல் படிக்குதில்ல, அது முழுப் பேரும் சொல்லிச்சு, பாராபினைலீன் டையமின். வாயில நொழையல எனக்கு. 2006ல அமெரிக்காவுல தோல் ஒவ்வாமை பாக்கற டாக்டருங்க சங்கம், அந்த வருசத்தோட ஒவ்வாமைப் பொருள்னு இதுக்குப் பட்டமே குடுத்துச்சாம். உன் கம்பெனியில வருசா வருசம் கொடுப்பாங்களே கண்ணாடிக் கேடயம், அந்த மாதிரி. உனக்கு ஒரு வருசமும் கெடைக்கல. உன் தலையில இருந்ததுக்குக் கெடச்சிருக்கு.

இது வேலை செய்யற தினுசும் பேத்திதான் வெளக்குனா. நான் என் பாஷையில சொல்றேன் கேட்டுக்கோ. நம்ம பழைய வீட்டுல குதிர் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? எலி இளைச்சுப்போயிருக்கறப்ப சின்ன ஓட்டை வழியா உள்ள பூந்துடும். உள்ளாரக் கேழ்வரகைத் தின்னு தின்னு கொழுத்துட்டா வந்த வழியா வெளிய வர முடியாது. அதேதான். அம்மோனியா போயி முடியோட செதிலைத் தூக்கிவிடும். நெறமே இல்லாத பொடிப் பொடி எலியாட்டம் அந்தப் பிபிடி உள்ள பூரும். கூடவே பெராக்சைடுன்னு ஒண்ணு ஊத்துவே பாரு, அதைத் தின்னு உள்ளாரயே கருப்பாக் கொழுத்து மாட்டிக்கும். அதனாலதான் அதுக்கு நெலைச்ச சாயம்னு பேரு. அந்தப் பெராக்சைடு சும்மா இருக்குமா? உன் முடியில மிச்சம் இருந்த சொந்தக் கருப்பையும் போற போக்குல வெளுத்துட்டுப் போயிடும். ஆக, நீ கருப்புக்குக் குடுத்த காசுல பாதி வெள்ளையடிக்கப் போயிருக்கு.

1907ல பாரிஸுல யூஜீன் ஷ்யூல்லர்னு ஒருத்தரு இந்த மாதிரிச் சாயத்தைத் தன் வீட்டுல கலக்கி முடிதிருத்தறவங்களுக்கு வித்தாராம். ரெண்டு வருசத்துல கம்பெனி ஆயிடுச்சு. அதான் இன்னைக்கு லோரியால். மனுசனுக்கு நரைக்கற வரைக்கும் அந்த யாவாரம் படுக்காது. நான் மட்டும் அப்பப் பொறந்திருந்தா எங்கூர் காரிமங்கலம் சந்தையிலேயே ஒரு கடை போட்டிருப்பேன்.

சிரிக்காதே, கவரு நழுவுது. என் கதையையும் சொல்லிடறேன், இல்லாட்டி உங்கத்தை சொல்லிடுவா. உன் கல்யாணத்துக்கு மொத நாளு, பொட்டிக்கடையில ஒரு பாக்கெட்டு வாங்கியாந்து மீசைக்குப் பூசுனேன். தாய்மாமன்டா, சீர் தூக்கிட்டு முன்னாடி நடக்கறவன், வெள்ளை மீசையோட நிக்கலாமா? விடியக்காலையில மேல் ஒதடு தேனீ கொட்டுனாப்புல வீங்கிடுச்சு. உன் கல்யாண ஆல்பத்துல நான் இருக்கற படத்தையெல்லாம் பாரு. ஒண்ணு துண்டை வாயில வச்சிருப்பேன், இல்லாட்டி யாருக்கோ பின்னால நிப்பேன். பொண்ணு வீட்டுக்காரங்க, ‘மாமனுக்கு அக்கா பையனைப் பிரியற துக்கம், அழுவுறாரு’ன்னு பேசிக்கிட்டாங்க. நானும் ஆமான்னுட்டேன்.

பாக்கெட்டுல எழுதித்தான் இருக்கு மாப்ளே. சட்டமே இருக்கு, இங்கிலீஷுலயும் அந்தந்த ஊரு பாஷையிலயும் எச்சரிக்கை போட்டே ஆகணும்னு. காதுக்குப் பின்னாடியோ முன்கையோட உள்பக்கமோ துளி தடவி 24 மணி நேரம் பாரு, ஒவ்வொரு தடவை போடறதுக்கு முன்னாடியும் பாரு, புருவத்துக்கும் கண் எமைக்கும் போட்டா கண்ணே போகலாம்னு. எழுத்து எள்ளுல பாதி. கண்ணாடி போட்டாத்தான் தெரியும். கண்ணாடி போட்டா வயசு தெரிஞ்சுடும். சாயம் வாங்கறவன் எவன் கண்ணாடி போடுவான்? சாமர்த்தியக்காரனுங்க.

சரி, சாயத்தை விட்டே. நல்ல காரியம். விட்டதும் என்ன பண்ணே? பக்கத்துக் கடைக்குப் போயி ‘கருப்பு மருதாணி’ன்னு ஒரு பொட்டலம் வாங்கியாந்தே. முன்னாடி பச்சையா இலை படம், கொத்துப் பூ படம், சாமியார் படம் இல்லாததுதான் பாக்கி. ‘முப்பது நிமிசத்துல இயற்கையான கருப்பு.’ உன் பொண்டாட்டி பூதக்கண்ணாடி வச்சுப் பின்பக்கம் படிச்சா. அங்க உக்காந்திருக்காரு யாரு? அதே பிபிடி! மாமியார் வீட்டுக்குப் பயந்து சத்திரத்துல போய்ப் படுத்தா, பக்கத்துப் பாயில மாமியாரு.

இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுப் போட்டு வச்சுக்கோ. மருதாணிக்குக் கருப்பு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஒரே நெறம், செவப்பு. ஆரஞ்சுல ஆரம்பிச்சு, காத்துப்பட்டு ரெண்டு மூணு நாள்ல செங்கல் நெறத்துக்கு வரும். அரைமணியில கருப்பாக்கற மருதாணின்னு எவனாவது சொன்னா, அவன் வித்தது மருதாணி இல்ல. எங்கப்பாரு காலத்துல பாலு கறக்கற காளைன்னு ஒருத்தன் சந்தைக்கு ஓட்டியாந்தானாம், அந்தக் கதைதான்.

நானே சிவாஜிநகருக்குப் போனேன். ரசல் மார்க்கெட்டுப் பக்கம் ஒரு நாட்டுமருந்துக் கடை, இங்க கிரந்திகை அங்கடின்னு சொல்றாங்க. கடைக்காரரு பாய். அவரு தாடியைப் பாக்கணும் நீ! விடியக்காலைச் சூரியனைப் புடிச்சு மோவாயில கட்டுனாப்புல. எழுபது வயசு இருக்கும். ஒளிவு மறைவே கெடையாது. நான் மருதாணின்னேன், அவரு மெஹந்தின்னாரு, வேலைக்காரப் பையன் கோரண்ட்டியான்னு கேட்டான். ஒரே செடிக்கு இந்த ஊருல மூணு பேரு, மூணும் எல்லாருக்கும் புரியுது. ராஜஸ்தான்ல பாலி ஜில்லா, சோஜத்ங்கற ஊருலேர்ந்து வர்ற சரக்கு. 2021ல அதுக்குப் புவிசார் குறியீடு குடுத்திருக்காங்க, நம்ம மதுரை மல்லிக்கு இருக்கற மாதிரி. மழையில்லாத பூமியில வளர்ற இலைக்குத்தான் சாறு கெட்டியாம். பொடியைக் கையில கொட்டிக் காட்டுனாரு. காஞ்ச வைக்கோல்ல கொஞ்சம் பச்சை கலந்தாப்புல மங்கலா இருந்துச்சு. ‘கிளிப்பச்சையா மின்னுனா வாங்காதீங்க ஐயா, அதுக்கே எவனோ மேக்கப் போட்டிருக்கான்’னாரு. எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு.

ஒரு உத்தியும் சொன்னாரு. ஏற்கெனவே சாயம் ஏறுன தலையில நேரா அப்பக் கூடாது. சீப்புல வர்ற முடியைச் சுருட்டி, அதுல மொதல்ல போட்டுப் பாக்கணும். சுத்தமான மருதாணின்னா பழைய சாயத்தோட சண்டை போடாது. மலிவுப் பொட்டலத்துல உலோக உப்பு கலந்து வச்சிருந்தான்னா, அது மேல பின்னாடி எப்பவாவது பெராக்சைடு பட்டா முடி சூடாகி, பச்சையாகி, பொசுங்கியே போகலாம். அதனாலதான் போன வாரம் பூரா உன் சீப்பை நான் மோந்து பாத்துட்டிருந்தேன். கெழவனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நீ உள்ளாரக் குசுகுசுத்தது எனக்குக் கேட்டுச்சு. காது இன்னும் நரைக்கல.

நேத்து ராத்திரி இரும்புச் சட்டியில கரைச்சது நான்தான். டீத்தூள் டிகாஷன் வெதுவெதுப்பா, எலுமிச்சம்பழம் ஒண்ணரை. புளிப்பு பட்டாத்தான் இலை தன் சாயத்தை மெதுவா விடும். ராத்திரி பூரா ஊறணும். பேத்தி அந்தச் சாயத்துக்கு லாசோன்னு பேரு சொன்னா. அது எலி மாதிரி உள்ள பூந்து ஊதறதில்ல. முடியோட மேல்தோல்ல இருக்கற புரதத்தோட கையக் கோத்துக்கிட்டு அங்கயே குடியிருந்துடும். மண்சுவத்துக்குச் செம்மண் பூசறோமே, அப்படி. மழைக்கு லேசா மங்கும். மறுபடி பூசணும். பூசப் பூசச் சுவரும் கெட்டிப்படும்.

ஆனா அதுக்கு வெளுக்கத் தெரியாதுங்கறதால, கருப்பு முடியில ஒண்ணும் பெருசாத் தெரியாது. வெயில்ல நின்னா லேசாச் செம்பு அடிக்கும், அவ்வளவுதான். வெள்ளை முடிதான் செவக்கும். ஒனக்கு எங்கெங்க நரைன்னு இத்தனை நாளா ஊருக்குத் தெரியாது. நாளைக்கு வரைபடம் போட்டாப்புலத் தெரியும். கிருதாவுல ரெண்டு, உச்சியில ஒரு வட்டம், பின்னால வெரல் அகலத்துக்கு ஒரு ஓடை.

பயப்படாதே, அதுக்குத்தான் அவுரி வாங்கியாந்திருக்கு. வரேன் அதுக்கு. மணி என்ன? ஒண்ணரை மணி நேரம்தான் ஆச்சா? நல்லது.

தாயி, ஒரு வாய்க் காப்பி குடு. மாப்ளைக்கும் குடும்மா, சுடச்சுட. உள்ளாரக் குளுந்துபோயிருக்கும். இந்த பெங்களூர்க் காத்துல மருதாணி வச்சா மூக்கு ஒழுகும், நெத்தியில தைலம் தடவிவிடு. பாத்தியா, உன் பொண்டாட்டி என்னை அப்பான்னு எவ்வளவு மருவாதியாக் கூப்புடறா. நீதான் கல்யாணம் ஆனதுலேர்ந்து ‘மாமா எப்ப ஊருக்கு’ன்னு கேக்கறே.

புறநானூறுல பிசிராந்தையார்னு ஒரு புலவர் இருக்காரு, 191வது பாட்டு. நம்மூர் தமிழய்யா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமே. இத்தனை வயசாகியும் ஒமக்கு ஏன்யா நரைக்கலன்னு கேட்டாங்க. அதுக்கு அவரு ஏதாவது எண்ணெய் பேரு சொன்னாரா? இல்ல. பொண்டாட்டி கொணமானவ, புள்ளைங்க அறிவானதுங்க, வேலையாளுங்க நான் நெனைச்சதையே செய்வாங்க, ராசா தப்பு பண்ணாமக் காப்பாத்தறான், இதுக்கெல்லாம் மேல என் ஊருல அடக்கமான பெரியவங்க இருக்காங்கன்னாரு. நீ வச்சுப் பாரு. பொண்டாட்டி... காப்பி போட்டுட்டிருக்கா, காதுல விழும், ரொம்பக் கொணமானவ. புள்ளை, கதவைச் சாத்திக்கிட்டு டிவிப் பொட்டியில எவனையோ சுட்டுக்கிட்டிருக்கான். உன் டீம்ல நாலு பேரு, நீ நெனச்சது ஒண்ணு, அவங்க செய்யறது ஒண்ணு. ராசாங்கறது உன் மேனேஜரு, அவன் உன்னைவிடப் பத்து வயசு சின்னவன். ஊருல பெரியவங்கன்னு பாத்தா, வருசத்துக்கு ரெண்டு தடவை காரிமங்கலத்துலேர்ந்து பஸ்சேறி நான் வரேன். நரைக்காம என்ன பண்ணும்? உனக்கு இன்னும் சொட்டை விழாததே நான் வந்து போற புண்ணியம்.

அந்த மேனேஜரு பேச்சு வந்துச்சில்ல, இதையும் கேளு. கரிகாலச் சோழன் சின்னப் பையனா இருக்கறப்ப ரெண்டு கெழவனுங்க வழக்குக் கொண்டாந்தாங்களாம். ‘இந்தப் பொடியனுக்கு என்ன தெரியும்’னு மொகத்தைச் சுளிச்சாங்க. அவன் சத்தமில்லாம உள்ள போயி நரைமுடியைத் தலையில கட்டிக்கிட்டுக் கெழவனாட்டம் வந்து உக்காந்து தீர்ப்பு சொன்னானாம். அன்னைக்கு உத்தியோகம் பாக்க நரையை வேசம் போட்டுக்கிட்டான். நீ உத்தியோகத்தைக் காப்பாத்த நரையை ஒளிச்சு வக்கறே. அது சோழ ராச்சியம், இது உன் ஆபீஸ் இருக்கற கோல்ஃப் லிங்க்ஸ் ராச்சியம். உன்னைக் குத்தம் சொல்லலடா. அந்த ஆபீசுல கோட்டான் மாதிரி ராத்திரி பூரா முழிக்கற பசங்களுக்கு நடுவுல ஒரு வெள்ளைத் தலை உக்காந்திருந்தா, ஆள் குறைக்கறப்ப யாரு கண்ணுக்கு மொதல்ல தெரியும்னு எனக்கும் தெரியும். மந்தையில வெள்ளை ஆட்டைத்தான் ஓநாய் தூரத்துலேர்ந்தே பாக்கும். நீ பயந்தது கண்ணாடிக்கு இல்ல, மாசக் கடைசிக்கு. நீ வாங்குன கடனு இன்னும் எத்தனை வருசம்? பதினொண்ணா? சரி சரி. தலையை நிமித்தி வையி, வழியுது.

அவுரிக்கு வருவோம். நீலின்னும் சொல்வாங்க. திண்டிவனம் பக்கம் இன்னமும் வெளைய வக்கறாங்க. துணிக்கு நீலச் சாயம் குடுத்த செடி. 1897ல ஜெர்மனிக்காரன் ஆலையிலயே செயற்கை நீலத்தை வடிச்சு சந்தைக்கு விட்டதும் நம்ம அவுரிக் காடெல்லாம் படுத்துப்போச்சு. தலைக்குப் போடற வழக்கத்தால கொஞ்சம் உசுரோட இருக்கு. மருதாணி கழுவுன ஈரத் தலையில இதை அப்புனா, செவப்பும் நீலமும் சேந்து காப்பிக்கொட்டை நெறத்துலேர்ந்து கருப்பு வரைக்கும் வரும். எவ்வளவு நேரம் விடறியோ அவ்வளவு கருப்பு. ஒரு மணி நேரம்னு வச்சுக்கோயேன். நாளைக்கே அட்டைக்கருப்பாத் தெரியலன்னு கத்தாதே, ரெண்டு நாள் காத்துப்படணும், அதுவரைக்கும் ஷாம்பு பக்கமே போகாதே.

அவசரக்குடுக்கையாட்டம் மருதாணியை விட்டுட்டு நேரா வெள்ளை முடியில அவுரியை வச்சேன்னா, நீலமும் பச்சையுமாப் பூசணம் பூத்தாப்புல நிக்கும். நீலச் சாயத் தொட்டியில விழுந்த நரி கதை உனக்கு நான்தான் சொன்னேன், சின்னதுல என் முதுகு மேல ஏறி உக்காந்து கேட்டே. காட்டுல எல்லா மிருகமும் இது ஏதோ பெரிய ராசான்னு கும்பிட்டுச்சு. நரியும் ஜம்முனு சிம்மாசனம் போட்டு உக்காந்துச்சு. ஒருநாள் ராத்திரி தூரத்துல மத்த நரிங்க ஊளையிட்டுச்சு. இதுக்கு வாய் பொறுக்கல, பதிலுக்கு இதுவும் ஊளையிட்டுச்சு. முடிஞ்சுச்சு கதை.

நீயும் ஊளையிட்டே மாப்ளே. போன தீவாளிக்கு உன் ஆபீஸ் பசங்களை வீட்டுக்குக் கூப்புட்டியே. தலை எல்லாம் அட்டைக்கருப்பு. பசங்க உன்ன முப்பத்தஞ்சுன்னே நெனச்சுட்டிருந்தாங்க. ஒரு பையன் ரஜினி படப் பேச்சை எடுத்தான். உனக்குக் கண்ணு ரெண்டும் பளபளன்னு ஆயிடுச்சு. ‘தளபதி மொத நாளு மொத ஷோ, தர்மபுரிக்கு சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சுப் போயிப் பாத்தேன்’னு எழுந்து நின்னு சொன்னே. அந்தப் பையன் போனை எடுத்துப் பாத்தான். 1991 தீவாளி. மனசுக்குள்ள கழிச்சுப் பாத்தான், எனக்கு அவன் ஒதடு அசையறது தெரிஞ்சுச்சு. அப்புறம் நீ பரிமாறப் போனப்ப, ‘நீங்க உக்காருங்க சார், நாங்க பாத்துக்கறோம்’னு பாத்திரத்தை உங்கிட்டேர்ந்து வாங்கிட்டான். நீ அதைப் பாசம்னு நெனச்சே.

தண்ணி லாரி வந்துடுச்சு, சத்தம் கேக்குது. எங்க தர்மபுரிச் சீமைத் தண்ணியில ஃப்ளோரைடு, பல்லைப் பழுப்பாக்கும். உங்க ஊரு லாரித் தண்ணியில உப்பு, தலையை நாராக்கும். இதுக்கு மேல மருதாணி வேற வறட்டும். கடைசிக் கழுவலுக்கு ஒரு குடம் குடிக்கிற தண்ணியை எடுத்து வச்சிருக்கேன், நாளைக்கு நல்லா நல்லெண்ணெய் தேச்சுக்கோ. இயற்கைன்னுட்டா எல்லாம் சர்க்கரைப் பொங்கல்னு அர்த்தம் இல்ல மாப்ளே. சில பேருக்கு இலையும் ஒத்துக்காது. ஜி6பிடி குறைன்னு ஒண்ணு இருக்காம், அப்படிப்பட்ட கொழந்தைக்கு மருதாணி பூசுனா ரத்த அணுவே ஒடையும்னு பேத்தி சொன்னா. எட்டிக்காயும் இயற்கைதான், திங்கறமா? அதனாலதான் உன் முழங்கையில முந்தாநாளே பொட்டு வச்சேன். திருஷ்டின்னு நெனச்சியா நீ?

ம், மூணு மணி ஆச்சு. எழுந்திரு, மெதுவா. பாத்ரூம் செவுரு பக்கம் சாயாதே, வாடகை வீடு, முன்பணத்துல கழிச்சுடுவாங்க. குனி. ஊத்தறேன். அட அட, பாரு, காவேரியில புதுத்தண்ணி வந்தாப்புல ஓடுது. போதும், நிமிரு. கண்ணாடியைப் பாக்காதே... பாத்துட்டியா. கத்தாதேடா, எதிர்வீட்டம்மா கதவைத் தொறக்குது! ஆரஞ்சுதான், ஆரஞ்சுதான் வரும், படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. பாய் தாடி எப்படி இருந்துச்சு, நல்லாத்தான இருந்துச்சு? அவருக்கு அழகு, உனக்கு அசிங்கமா? உக்காரு.

தாயி, அவுரியைக் கரைச்சாச்சா? வெதுவெதுப்பான தண்ணிதான? ஒரு சிட்டிகை உப்பு போட்டியா? நல்லது, கொண்டா. மருதாணி மாதிரி இது ராத்திரி பூராக் காத்திருக்காது மாப்ளே. கரைச்ச பத்து நிமிசத்துல உசுரு வரும், அரைமணி தாண்டுனாக் கொஞ்சம் கொஞ்சமாச் செத்துட்டே போகும். மளமளன்னு அப்பணும். உச்சி ஆச்சு. கிருதா ஆச்சு. பின்னாடி ஓடை ஆச்சு. கவரைப் போடு, துண்டைக் கட்டு. இன்னும் ஒரு மணி நேரம்.

ஏம்மா, கிண்ணத்துல ரெண்டு கரண்டி மிச்சம் இருக்கு போல. கொட்டிடாதே. உசுரு இருக்கற சாமானு, நெய் வெலை விக்குது. அந்தச் சின்ன ப்ரஷ்ஷை இப்படிக் குடு.

என்னடா மொறைக்கறே? நேத்து ராத்திரி சட்டியில கரைச்சது யாரு? நாந்தான? நீங்க ரெண்டு பேரும் படுத்தப்புறம் சட்டியை வழிச்சு மீசையில வச்சுக்கிட்டு விடியற வரைக்கும் மல்லாந்தே கெடந்தேன். வெத்தலைச் சாறுன்னேன், நம்பிட்டே. வர்ற வெள்ளிக்கிழமை பாலக்கோட்டுல ஒரு நிச்சயதார்த்தம், தாய்மாமன் நாந்தான். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ச்சுப் புடி மாப்ளே.